தொடங்குவது எளிது, முடிப்பதுதான் பெரும்பாடு: பைத்தானின் சப்ப்ராசஸ் மாட்யூல் ஒரு மதிப்பீடு

பைத்தான் நிரல்மொழியை நிறுவிய எவருக்கும், தனியாக எதையும் இறக்கிக்கொள்ளாமலேயே கையில் கிடைத்துவிடுகிற மாட்யூல்களில், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளில், சப்ப்ராசஸும் ஒன்று. ஒரு நிரலுக்குள்ளிருந்து இன்னொரு நிரலை இயக்குவது, அதற்கு உள்ளீடு கொடுப்பது, அது வெளியிடுவதை வாங்கிக்கொள்வது, அது முடியும்வரை காத்திருப்பது, முடியாமல் இழுத்துக்கொண்டே போனால் முடித்துவைப்பது ஆகிய ஐந்து வேலைகளையும் லினக்ஸ், மேக்ஓஎஸ், விண்டோஸ் மூன்றிலும் ஒரே விதமாகச் செய்து தருவதுதான் அதன் நோக்கம். முதல் வேலையை மிக நன்றாகச் செய்கிறது. அடுத்த மூன்றையும், நாம் கொஞ்சம் விழிப்பாக இருந்தால், நன்றாகவே செய்கிறது. ஐந்தாவதை மட்டும் பாதியில் விட்டுவிட்டு, மீதியை நம் தலையில் கட்டுகிறது. இந்த மதிப்பீட்டில் அந்த ஐந்தாவது வேலைக்கு அதிக இடம் போவதற்கு அதுவே காரணம்.

நான் இதைப் பயன்படுத்துவது, ஸ்கேன் செய்யப்பட்ட தமிழ்ப் பக்கங்களைத் தேடக்கூடிய எழுத்துகளாக மாற்றித் தரும் ஒரு கருவிக்காக. பிடிஎஃப்பைப் படங்களாகப் பிரிக்க கோஸ்ட்ஸ்கிரிப்ட், படத்திலுள்ள எழுத்தைப் படிக்க டெசரேக்ட், இடையில் ஒலி ஒளிக் கோப்புகள் வந்தால் எஃப்எஃப்எம்பெக் என்று மூன்று வெளி நிரல்களை அது சேய் ப்ராசஸ்களாக, அதாவது தான் தொடங்கித் தனியே ஓடவிடும் நிரல்களாக, இயக்குகிறது. நிரல் எழுதப்படுவது உபுண்டுவில். பயன்படுத்துபவர்களில் பலர் விண்டோஸில், சிலர் மேக்கில். ஆகவே ஓர் ஓஎஸ்ஸில் (இயங்குதளத்தில்) ஓடி இன்னொன்றில் நொண்டும் எதுவும் எங்களுக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

இந்த மாட்யூல் 2004-இல் வெளிவந்த பைத்தான் 2.4 பதிப்பில் சேர்ந்தது. பீட்டர் ஆஸ்ட்ராண்ட் எழுதிய பெப் 324 என்ற முன்மொழிவே அதன் அடிப்படை. அதற்கு முன்பு ஓஎஸ்.சிஸ்டம், ஓஎஸ்.ஸ்பான் குடும்பம், ஓஎஸ்.பீஓபன், பீஓபன்2, கமாண்ட்ஸ் என்று ஒரே வேலைக்கு ஆளுக்கொரு வழி இருந்தது. ஒவ்வொன்றும் ஏதாவது ஒன்றைச் செய்யும், இன்னொன்றைச் செய்யாது. பீஓபன்2, கமாண்ட்ஸ் ஆகிய இரண்டும் பைத்தான் 3-இல் நீக்கப்பட்டுவிட்டன. ஓஎஸ்.சிஸ்டம் இன்னும் இருக்கிறது. அதைப் புதிய நிரலில் யாரும் எழுதத் தேவையில்லை. 2015-இல் வந்த 3.5 பதிப்பில் 'ரன்' என்ற செயற்கூறு சேர்ந்த பிறகு, பத்தில் ஒன்பது தேவைகளுக்கு அந்த ஒற்றை அழைப்பே போதும். அடியில் இருக்கும் 'பீஓபன்' என்ற வகுப்பை, ப்ராசஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனோடு பேச வேண்டியவர்கள் மட்டும் தொட்டால் போதுமானது.

தொடங்குவதிலிருந்து பார்க்கலாம். நிரலின் பெயரையும் அதற்குத் தரவேண்டிய ஒவ்வொரு மதிப்பையும் ஒரு பட்டியலாகக் கொடுப்பதுதான் இந்த மாட்யூலின் மிகச் சிறந்த முடிவு. எங்களிடம் வரும் கோப்புகளின் பெயர்கள் 'அம்மா கடிதம் (2)' என்பது போல இடைவெளியும் அடைப்புக்குறியும் கலந்தே வருகின்றன. இதை ஒரே சரமாக (எழுத்துத் தொடராக) ஒட்டி, கட்டளை வரிகளைப் படித்து இயக்கும் ஷெல்லிடம் கொடுத்தால், இடைவெளியில் பெயர் இரண்டாக உடையும். அடைப்புக்குறியைக் கண்டதும் இலக்கணப் பிழை என்று ஷெல் நின்றுவிடும். கோப்பின் பெயருக்குள் அரைப்புள்ளியும் ஒரு நீக்கும் கட்டளையும் வைத்து யாராவது அனுப்பினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டியலாகக் கொடுக்கும்போது ஷெல் நடுவே வருவதே இல்லை. ஒவ்வொரு மதிப்பும் உள்ளது உள்ளபடி சேய் ப்ராசஸுக்குப் போய்ச் சேருகிறது. 'ஷெல்' அளவுருவை ட்ரூ என்று வைத்தால்தான் லினக்ஸிலும் மேக்கிலும் '/பின்/எஸ்ஹெச்', விண்டோஸில் 'சிஎம்டி' நடுவே வரும். அதை முன்னிருப்பாக வைக்காமல் விட்டதற்காகவே இதை எழுதியவர்களுக்கு நன்றி சொல்லலாம்.

ஆனால் பட்டியல் என்ற எண்ணமே, லினக்ஸும் மேக்கும் பின்பற்றும் யூனிக்ஸ் மரபிலிருந்து வந்தது என்பதை விண்டோஸில் மறக்கக் கூடாது. யூனிக்ஸ் வழியில் ஃபோர்க் என்ற அழைப்பு தாய் ப்ராசஸை அப்படியே இன்னொன்றாகப் பிரிக்கிறது, எக்ஸெக் என்ற அழைப்பு அந்தப் பிரதியின் மேல் புதிய நிரலை ஏற்றுகிறது. மதிப்புகள் தனித்தனியாகவே போகின்றன. விண்டோஸில் இருப்பது கிரியேட்ப்ராசஸ் என்ற ஒற்றை அழைப்பு. அது வாங்கிக்கொள்வது ஒரே ஒரு நீண்ட சரம். ஆகவே சப்ப்ராசஸ் நம் பட்டியலை, மைக்ரோசாஃப்ட்டின் சி நூலகம் பின்பற்றும் மேற்கோள் விதிகளின்படி ஒரு சரமாகக் கோத்துத் தருகிறது. மறுமுனையில் இருக்கும் நிரல் அதே விதிகளின்படி அதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான நிரல்கள் அப்படித்தான் பிரிக்கின்றன. பிரிக்காத நிரல்களும் உண்டு, அவற்றில் முதன்மையானது சிஎம்டியேதான். கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த பேட்ச் கோப்பு ஒன்றை இயக்கும்போது, நாம் ஷெல் வேண்டாம் என்று சொன்னாலும், விண்டோஸ் தானாகவே சிஎம்டியைக் கூப்பிட்டுவிடுகிறது. மதிப்புக்குள் மறைத்த கட்டளையை சிஎம்டி இயக்கிவிடக்கூடிய இந்த ஓட்டை பல நிரல்மொழிகளில் ஒன்றாக இருப்பது 2024 ஏப்ரலில் வெளிப்படையானது. ரஸ்ட் மொழி 1.77.2 பதிப்பில் அதற்குத் திருத்தம் கொண்டுவந்தது. பைத்தான் தன் ஆவணத்தில் ஓர் எச்சரிக்கைப் பத்தியைச் சேர்த்ததோடு நிறுத்திக்கொண்டது. நம்பத்தகாத இடத்திலிருந்து வரும் மதிப்புகளோடு பேட்ச் கோப்பை இயக்கியே ஆக வேண்டுமானால், 'ஷெல்' அளவுருவை ட்ரூ என்று வைப்பதைப் பரிசீலியுங்கள், அப்போது பைத்தான் சிறப்புக் குறிகளைக் கவனித்துக்கொள்ளும் என்பதுதான் அதன் சாரம். எச்சரிக்கை நியாயமானது, இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

நிரலைத் தேடிக் கண்டுபிடிப்பதிலும் இதே வேறுபாடு தலைகாட்டுகிறது. 'என்பிஎம்' (ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை நிறுவும் நிரல்) என்று பட்டியலின் முதல் மதிப்பாகக் கொடுத்தால் லினக்ஸில் ஓடும். விண்டோஸில் கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழை வரும். அங்கே அதன் உண்மையான பெயர் சிஎம்டி என்ற பின்னொட்டோடு இருக்கிறது. கிரியேட்ப்ராசஸோ இஎக்ஸ்இ என்ற பின்னொட்டை மட்டுமே தானாக ஒட்டிப் பார்க்கும். இதற்கு விடை இதே நிலையான நூலகத்தில்தான் இருக்கிறது: ஷட்டில் மாட்யூலின் 'விச்' செயற்கூற்றை முதலில் கேட்டு, அது தரும் முழுப் பாதையைப் பட்டியலில் வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. விண்டோஸ், நிரல்களைத் தேட வேண்டிய கோப்புறைகளைப் பட்டியலிடும் பாத் மாறியில் உள்ள இடங்களைப் பார்ப்பதற்கு முன்பே நடப்புக் கோப்புறையைப் பார்க்கும் என்பதால், நம்பகமான இடத்தின் முழுப் பாதை கொடுப்பது பாதுகாப்புக்கும் நல்லது. கோ மொழி 2022-இல் வந்த 1.19 பதிப்பிலிருந்து, நடப்புக் கோப்புறையில் கிடைத்த நிரலை அப்படி இயக்கவே மறுத்துவிடுகிறது. பைத்தானிடம் அந்தக் கண்டிப்பு இல்லை.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸில் கட்டளைச் சரம் மொத்தமாக 32,767 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. சிஎம்டி வழியாகப் போனால் 8,191. ஆயிரக்கணக்கான பக்கங்களின் பெயர்களை ஒரே பட்டியலாக அனுப்பும் நிரல் லினக்ஸில் ஓடிவிடும். அதே நிரல் விண்டோஸில் 206 என்ற எண்ணோடு, கோப்பின் பெயர் நீளமாக இருக்கிறது என்று திசை திருப்பும் ஒரு பிழையைத் தரும். பெயர்களை ஒரு கோப்பில் எழுதி அந்தக் கோப்பைக் கொடுப்பதே வழி.

வெளியே தெரியாத சில நல்ல வேலைப்பாடுகளையும் குறிப்பிட வேண்டும். ஃபோர்க் நடந்த பிறகு எக்ஸெக் தோற்றால், அந்தச் செய்தி சேயிடம்தான் இருக்கும், தாய்க்குத் தெரியாது. சப்ப்ராசஸ் இதற்கென்றே ஒரு தனி பைப்பை (ப்ராசஸ்களுக்கிடையே தரவு கடத்தும் குழாயை) திறந்து வைத்து, சேயில் நடந்த தோல்வியைத் தாயிடம் கொண்டுவந்து, முறையான பைத்தான் பிழையாக எழுப்புகிறது. தாய் திறந்து வைத்திருக்கும் ஃபைல் டிஸ்கிரிப்டர்கள் (திறந்த கோப்புகளையும் இணைப்புகளையும் குறிக்கும் எண்கள்) சேய்க்குக் கசியாமல் மூடுவது 3.2 பதிப்பிலிருந்து யூனிக்ஸ் பக்கமும், 3.7-இலிருந்து விண்டோஸ் பக்கமும் முன்னிருப்பாகிவிட்டது. சர்வரை நிறுத்திய பிறகும் போர்ட் இன்னும் பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்வது, நீக்க வேண்டிய கோப்பை வேறு யாரோ பிடித்திருப்பதாக விண்டோஸ் சொல்வது போன்ற மர்மங்களில் பலவற்றுக்கு இந்தக் கசிவுதான் காரணமாக இருந்தது. 3.10 பதிப்பிலிருந்து லினக்ஸில் முடிந்தவரை, தாயின் நினைவகத்தை நகலெடுக்காமல் பகிரும் விஃபோர்க் பயன்படுத்தப்படுவதால், தாய் ப்ராசஸ் பல ஜிபி நினைவகத்தைப் பிடித்திருந்தாலும் சேயைத் தொடங்குவது தாமதமாவதில்லை. சாதாரண ஃபோர்க்கில் நினைவகத்தின் பக்க அட்டவணைகள் அனைத்தையும் நகலெடுக்க வேண்டியிருக்கும். எக்ஸெக்குக்கு முன் சேயில் ஓட வேண்டிய 'ப்ரீஎக்ஸெக்' செயற்கூறு ஒன்றைக் கொடுத்தால் இந்த வேகம் போய்விடும், த்ரெட்கள் (ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் இழைகள்) ஓடும் நிரலில் மொத்தமும் உறைந்து நிற்கவும் வாய்ப்பு உண்டு. பயனர், குழு, உமாஸ்க் (புதிய கோப்புகளின் அனுமதி வரம்பு) ஆகியவற்றுக்கு 3.9-இல் தனி அளவுருக்கள் வந்துவிட்ட பிறகு, அதைத் தொட வேண்டிய தேவை அநேகமாக இல்லை.

இனி பேச்சுவார்த்தை. சேயின் வெளியீட்டை பைப் வழியாக வாங்குவதென்று வைத்துக்கொண்டு, பிறகு அதைப் படிக்காமல் 'வெயிட்' மட்டும் போட்டுக் காத்திருந்தால், இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து உறைந்துபோவார்கள். லினக்ஸில் ஒரு பைப்பின் கொள்ளளவு சாதாரணமாக 65,536 பைட்டுகள். அதற்குள் முடிந்துவிடும் சிறிய சோதனைகளில் எல்லாம் நிரல் சரியாக ஓடும். வாடிக்கையாளரின் பெரிய கோப்பில் போய்த்தான் நிற்கும். எஃப்எஃப்எம்பெக் தன் முன்னேற்றச் செய்திகளை எல்லாம் பிழை வெளியீட்டில் கொட்டுவதால், இந்தச் சிக்கலை மிக விரைவில் காட்டிக்கொடுக்கும் நிரல் அதுவே. அது உள்ளீட்டையும் கவனித்துக்கொண்டே இருக்கும் என்பதால் உள்ளீட்டை 'டெவ்நல்' (வெற்று உள்ளீடு) என்று மூடிவிடுவது நல்லது. உறைவதற்கு மருந்து 'கம்யூனிகேட்'. 'ரன்' உள்ளே அதைத்தான் அழைக்கிறது. யூனிக்ஸில் அது, எதில் தரவு வந்திருக்கிறது என்று சொல்லும் செலக்டர்களைக் கொண்டு இரண்டு வெளியீடுகளையும் மாறி மாறிப் படிக்கிறது. விண்டோஸில் ஒவ்வொன்றுக்கும் ஒரு த்ரெட் வைத்துப் படிக்கிறது. வெளியே பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், ஒரே ஒரு இடத்தைத் தவிர.

அந்த இடம்தான் தமிழில் வேலை செய்பவர்களை நேரடியாகத் தாக்கும் இடம். டெசரேக்ட் தமிழ்ப் பக்கத்தைப் படித்துத் தன் வெளியீட்டை, எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தருகிறது. நாம் 'டெக்ஸ்ட்' அளவுருவை ட்ரூ என்று வைத்துவிட்டு, குறியாக்கம் எதுவென்று சொல்லாமல் விட்டால், பைத்தான் அந்தக் கணினியின் முன்னிருப்புக் குறியாக்கத்தை எடுத்துக்கொள்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் அது யுடிஎஃப்-8, ஆகவே எந்தத் தொல்லையும் இல்லை. ஆங்கில அமைப்பில் உள்ள விண்டோஸில் அது பெரும்பாலும் 1252 என்ற பழைய கோட்பேஜ் (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியாக்க அட்டவணை). தமிழுக்கென்று விண்டோஸில் அப்படிப்பட்ட ஆன்சி கோட்பேஜ் ஒருபோதும் இருந்ததில்லை. தமிழ் அங்கே யூனிகோட் வழியாகவே வந்தது. எனவே தமிழுக்கான வேறொரு பழைய கோட்பேஜுக்கு மாற்றித் தப்பிக்கவும் வழியில்லை.

என்ன நடக்கிறது என்பதை ஒரு சொல்லிலேயே பார்க்கலாம். 'அம்மா' என்பதன் முதல் எழுத்து யுடிஎஃப்-8-இல், பதினறும எண்ணில் எழுதினால், இ0, ஏஇ, 85 என்ற மூன்று பைட்டுகள். 1252-இல் இந்த மூன்றுக்கும் எழுத்துகள் உண்டு என்பதால், அ என்பது மூன்று கிறுக்கல்களாக மாறி நிற்கும், ஆனால் பிழை வராது. அடுத்து வரும் மகரத்தின் மேலுள்ள புள்ளி இ0, ஏஎஃப், 8டி. இந்த 8டி என்ற பைட்டுக்கு 1252-இல் எழுத்தே ஒதுக்கப்படவில்லை. பைத்தான் அந்த இடத்தில் பிழை எழுப்பிவிடும். அதாவது, புள்ளி வைத்த முதல் மெய்யெழுத்து வரும்வரைதான் உயிர். புள்ளியில்லாமல் ஒரு தமிழ் வாக்கியம் எழுதுவது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பார்த்தால், கிறுக்கலாகக் கிடைப்பதைவிடப் பிழையாகக் கிடைப்பதே வழக்கம் என்பது விளங்கும். ஐரோப்பிய மொழிக்காரர்கள் கிறுக்கலைப் பார்த்துப் பழகியவர்கள். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிழைதான். இதில் கொடுமை, விண்டோஸில் அந்தப் பிழை வெளியீட்டைப் படிக்கும் த்ரெட்டுக்குள்ளேயே வெடித்து, திரையில் ஒரு நீண்ட தடத்தை அச்சிட்டுவிட்டு அங்கேயே அடங்கிவிடுகிறது. 'ரன்' எந்தப் பிழையையும் எழுப்பாமல், முடிவுக் குறி 0 என்றும், வெளியீட்டின் இடத்தில் வெற்று மதிப்பையும் வைத்துத் திரும்புகிறது. பக்கத்தில் எழுத்தே இல்லை என்று நம் நிரல் எண்ணிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

தீர்வு ஒரே வரி: 'என்கோடிங்' அளவுருவில் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதிவிடுவது. இந்த அளவுரு 3.6 பதிப்பில் வந்தது. சேயும் ஒரு பைத்தான் நிரலாக இருந்தால், அது எழுதும் பக்கத்திலும் இதே கோட்பேஜ் குறுக்கிடும். அதற்குத் தரும் சூழல் மாறிகளில் பைத்தான்யுடிஎஃப்8 என்பதை 1 என்று வைக்க வேண்டும். சூழல் மாறிகளைப் புதிதாகக் கட்டாமல், இருப்பதை நகலெடுத்து அதில் சேர்ப்பது நல்லது. விண்டோஸில் சிஸ்டம்ரூட் மாறி இல்லாமல் போனால் சில நிரல்கள் தொடங்கவே தொடங்காது. 3.15 பதிப்பில் பெப் 686-இன்படி யுடிஎஃப்-8 முன்னிருப்பாகிறது. அதுவரை வந்த பழைய பதிப்புகள் பயனர்களின் கணினிகளில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும் என்பதால், அந்த ஒரு வரியை நான் எடுத்துவிடப் போவதில்லை.

சேயின் செய்திகளை உடனுக்குடன் திரையில் காட்ட வேண்டும் என்பவர்கள் இன்னொரு தடையைச் சந்திப்பார்கள். வெளியீடு பைப்புக்குப் போகிறது என்று தெரிந்தவுடன் பல நிரல்கள் வரிவரியாக அனுப்புவதை நிறுத்தி, பஃபர் (தற்காலிகச் சேமிப்பு) நிரம்பிய பிறகே மொத்தமாக அனுப்புகின்றன. இது சப்ப்ராசஸின் குறையன்று. போலி டெர்மினல் ஒன்றை வைத்து ஏமாற்றலாம். பைத்தானின் பிடிஒய் மாட்யூல் யூனிக்ஸ் பக்கம் மட்டும் ஓடும், விண்டோஸ் 10-இல் 2018-இல் வந்த கான்பிடிஒய் என்ற போலி டெர்மினலுக்கு வெளி நூலகத்தைத்தான் தேட வேண்டும்.

முடித்துவைக்கும் வேலைக்கு வருவோம். 'டெர்மினேட்', 'கில்' என்று இரண்டு செயற்கூறுகள் உள்ளன. லினக்ஸிலும் மேக்கிலும் முதலாவது சிக்டெர்ம் என்ற சமிக்ஞையை அனுப்புகிறது. சேய் அதைப் பிடித்து, தற்காலிகக் கோப்புகளை நீக்கிவிட்டு ஒழுங்காக வெளியேறலாம். இரண்டாவது அனுப்பும் சிக்கில்லைப் பிடிக்கவோ மறுக்கவோ முடியாது. விண்டோஸில் இரண்டும் ஒன்றே. இரண்டுமே டெர்மினேட்ப்ராசஸ் என்ற அழைப்பைச் செய்து, சேயை நின்ற இடத்தில் வெட்டுகின்றன. முதலில் தன்மையாகச் சொல்லிப் பார்த்து, சில நொடிகள் காத்திருந்து, கேட்காவிட்டால் வெட்டும் நிரலை லினக்ஸில் எழுதிச் சோதித்தவர், அதே நிரல் விண்டோஸில் முதல் அடியிலேயே வெட்டிவிடுவதை எதிர்பார்த்திருக்க மாட்டார். விண்டோஸில் தன்மையாகச் சொல்ல வேண்டுமானால், தொடங்கும்போதே புதிய ப்ராசஸ் குழு என்ற கொடியைக் கொடுத்து, பிறகு கண்ட்ரோல்-பிரேக் நிகழ்வை அனுப்ப வேண்டும். அதுவும் கன்சோல் நிரல்களுக்கு மட்டுமே செல்லும். ஒரே பெயரில் இரண்டு நடத்தை வைத்ததற்குப் பதிலாக, விண்டோஸில் 'டெர்மினேட்' இல்லை என்றே சொல்லியிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும்.

முடிவுக் குறிகளும் மூன்று விதம். சிக்கில்லால் இறந்த சேய்க்கு யூனிக்ஸ் பக்கம் கழித்தல் 9 வரும். நடுவே ஷெல் இருந்து அதன் கீழ் இறந்திருந்தால் 128-ஐக் கூட்டி 137 வரும். விண்டோஸில் நாம் வெட்டியதற்கு 1 வரும், அது சாதாரணத் தோல்விக்கும் வரும் எண்தான். நினைவக அத்துமீறலால் விண்டோஸில் விழுந்த நிரல் 3221225477 என்று திரும்பும். இந்த எண்ணைப் பார்த்து முதல் முறை திகைப்பவர்களுக்கு, பதினறும எண்ணில் எழுதினால் அது சி0000005 என்பது உதவும்.

இவை எல்லாம் ஒற்றைச் சேய் பற்றியவை. சேய்க்கும் சேய்கள் இருந்தால்தான் உண்மையான சிக்கல். ஷெல் வழியாக இரண்டு கட்டளைகளை இணைத்து இயக்கிவிட்டு 'கில்' அழைத்தால் இறப்பது ஷெல் மட்டுமே; அதன் கீழ் ஓடிய பேரப்பிள்ளை ப்ராசஸ் சிபியூவைத் தின்றுகொண்டு தொடர்ந்து ஓடும். 'ரன்' செயற்கூற்றின் டைம்அவுட்டும் இதே 'கில்'லைத்தான் நம்பியிருக்கிறது. யூனிக்ஸ் பக்கம் டைம்அவுட் ஆனதும் அழைப்பு திரும்பிவிடும், பேரப்பிள்ளை அநாதையாக ஓடும். விண்டோஸ் பக்கம் வெட்டிய பிறகு மிச்ச வெளியீட்டை வாங்க மறுபடியும் 'கம்யூனிகேட்' அழைக்கப்படுகிறது. பேரப்பிள்ளை அந்த பைப்பைப் பிடித்திருந்தால் அது முடியும்வரை நம் நிரலும் காத்திருக்கும். பத்து நொடி என்று நாம் எழுதிய வரம்பு பத்து நிமிடமாவது இப்படித்தான். எண்ணைப் பார்த்து நம்புகிறவர்களுக்கு இது ஏமாற்றமே.

லினக்ஸிலும் மேக்கிலும் இதற்குக் கண்ணியமான விடை உண்டு. தொடங்கும்போது புதிய செஷன் என்ற அளவுருவை ட்ரூ என்று வைத்தால், சேயும் அதன் வழித்தோன்றல்களும் தனிக் குழுவாகிவிடும். பிறகு 'கில்பிஜி' அழைப்பில் குழு முழுவதற்கும் சமிக்ஞை அனுப்பலாம். இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். டெர்மினலில் கண்ட்ரோல்-சி அழுத்தினால் அது இனி அந்தக் குழுவுக்குப் போகாது. தாய்தான் பிடித்து அனுப்ப வேண்டும். இரண்டாவது, தானே புதிய செஷன் தொடங்கிக்கொள்ளும் பேரப்பிள்ளை இந்த வலையிலிருந்து நழுவிவிடும். தாயே சிக்கில்லால் இறந்துபோனால் சேய்கள் அப்படியே தொடர்ந்து ஓடும். தாய் இறந்தால் எனக்கு ஒரு சமிக்ஞை கொடு என்று கேட்டு வைக்கும் வசதி லினக்ஸ் கெர்னலில் (ஓஎஸ்ஸின் மையப்பகுதியில்) உண்டு, மேக்கில் இல்லை, சப்ப்ராசஸ் இரண்டையும் கண்டுகொள்வதில்லை. நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனி உறைக்குள் ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: கன்டெய்னரின் 1-ஆம் எண் ப்ராசஸாகப் பைத்தானே ஓடினால், அநாதையாகி வந்து சேரும் ஜாம்பிகளை (ஓடி முடிந்தும் ப்ராசஸ் பட்டியலிலிருந்து நீங்காதவற்றை) யாரும் அறுவடை செய்ய மாட்டார்கள். டாக்கரை 'இனிட்' விருப்பத்தோடு தொடங்கினால் அந்த வேலையை அதற்கென உள்ள சிறு நிரல் பார்த்துக்கொள்ளும்.

விண்டோஸில் குடும்பம் என்ற எண்ணமே பலவீனமானது. ஒவ்வொரு ப்ராசஸும் தன் தாயின் எண்ணைக் குறித்து வைத்திருக்கும். தாய் முடிந்த பிறகு அந்த எண் வேறு ப்ராசஸுக்குப் போய்விடலாம் என்பதால், அதை வைத்து வம்சாவளி தேடுவது நம்பகமானதன்று. சரியான கருவி ஜாப் ஆப்ஜெக்ட். ஒரு ப்ராசஸை ஒரு ஜாப்புக்குள் போட்டுவிட்டால் அதன் வழித்தோன்றல்கள் அனைத்தும் அதற்குள்ளேயே பிறக்கும். ஜாப்பின் கடைசி ஹேண்டில் (அதைக் கையாள ஓஎஸ் தரும் பிடி) மூடப்படும்போது உள்ளே உள்ள எல்லாவற்றையும் முடித்துவிடு என்று சொல்லி வைக்கலாம். விண்டோஸ் 8-இலிருந்து ஒரு ஜாப்புக்குள் இன்னொன்றும் இருக்கலாம். சப்ப்ராசஸில் இதற்கு எந்த அளவுருவும் கிடையாது. நாமே செய்துகொள்ளலாம் என்று இறங்கினால், சேய் தொடங்கிய கணத்துக்கும் நாம் அதை ஜாப்பில் சேர்க்கும் கணத்துக்கும் இடையில் பேரப்பிள்ளை பிறந்துவிடலாம். இந்த இடைவெளியை மூட, சேயை உறங்கும் நிலையில் தொடங்கி, ஜாப்பில் சேர்த்த பிறகு எழுப்ப வேண்டும். எழுப்புவதற்கு அதன் முதல் த்ரெட்டின் ஹேண்டில் வேண்டும். பீஓபன் வகுப்போ கிரியேட்ப்ராசஸ் தரும் அந்த ஹேண்டிலை வாங்கிய உடனே மூடிவிடுகிறது. சாவியைக் கையில் வாங்கி, நம்மிடம் தராமல் கிணற்றில் போடுவது போன்றது இது. மாட்யூலில் எனக்கு உண்மையாகவே கோபம் வரும் ஒரே இடம் இதுதான்.

மற்ற மொழிகள் எப்படி என்று கேட்கலாம். ஜாவாவில் 2017-இல் வந்த 9-ஆம் பதிப்பின் ப்ராசஸ்ஹேண்டில், வழித்தோன்றல்களின் பட்டியலையாவது கேட்க விடுகிறது. கோ மொழியில் கான்டெக்ஸ்ட் என்ற வசதி மூலம் செய்யும் ரத்து நேரடிச் சேயை மட்டுமே வெட்டும், ஆனால் 1.20 பதிப்பில் வந்த 'வெயிட்-டிலே' என்ற அமைப்பு, பைப்பைப் பேரப்பிள்ளை பிடித்திருந்தாலும் குறித்த நேரத்தில் கைவிட்டுத் திரும்புகிறது. ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோடிலும் ரஸ்டின் நிலையான நூலகத்திலும் நிலைமை பைத்தானைவிட மேலில்லை. ரஸ்டில் டைம்அவுட்டுடன் காத்திருக்கும் வசதியே கிடையாது. பைத்தானிலேயே பிஎஸ்யுடில் என்ற வெளி நூலகம் வழித்தோன்றல்களைத் தேடித் தருகிறது. தேடும் நேரத்துக்கும் வெட்டும் நேரத்துக்கும் இடையில் புதிதாகப் பிறப்பவை தப்பும் என்றாலும், நடைமுறையில் போதுமானது.

ஒரு நிரலை இயக்கி, அதன் விடையை வாங்கி, முடிவுக் குறியைப் பார்த்துவிட்டு நகர்பவர்களுக்கு இந்த மாட்யூலைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆவணமும் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது, எச்சரிக்கைகள் பல பத்திகளில் சிதறிக் கிடப்பதுதான் குறை. மரம் போலக் கிளைக்கும் ப்ராசஸ்களை மூன்று ஓஎஸ்களிலும் ஆள வேண்டியவர்கள், இதன் மேல் தங்களுக்கென்று ஓர் அடுக்கு எழுதியே தீர வேண்டும். எங்கள் கருவியில் யூனிக்ஸ் பக்கம் புதிய செஷனும் 'கில்பிஜி'யும். விண்டோஸ் பக்கம், சேயை ஜாப்பில் சேர்க்க முயலாமல், நிரல் தொடங்கியவுடன் தாய் தன்னையே ஒரு ஜாப்புக்குள் போட்டுக்கொள்கிறது. பிறகு பிறப்பவை எல்லாம் தானாகவே உள்ளே பிறப்பதால் இடைவெளி என்பதே இல்லை. தாய் எப்படி இறந்தாலும் ஹேண்டில் மூடப்பட்டு, டெசரேக்டும் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டும் சேர்ந்தே முடிகின்றன. தாய் உயிரோடு இருக்கும்போது ஒரே ஒரு பக்கத்தின் மரத்தை மட்டும் வெட்ட இந்த ஏற்பாட்டில் வழியில்லை. அதற்கு இன்னும் பிஎஸ்யுடிலைத்தான் நம்பியிருக்கிறோம்.